டியூப் இல்லை என்று அசட்டையாக இருக்காதீர்கள்: தலையில் நீர் அடைப்புக்கு எண்டோஸ்கோபி செய்த வீடுகளுக்கு

தங்கச்சி மகனுக்கு ஏழு வயது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடும். பள்ளிக்கூடம் போக மடி என்று எல்லாரும் அவனைத்தான் திட்டினோம். ஸ்கேனில் மூளையின் அறைகள் நீரால் உப்பியிருந்தன. இப்போது நினைத்தாலும் மனசு பொறுக்கவில்லை. படுத்திருக்கும்போது தலைக்குள் அழுத்தம் கூடும், அதனால்தான் காலையில் வாந்தி. அதை மடி என்றோ அஜீரணம் என்றோ தள்ளிவிடாதீர்கள். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்து, தலை வேகமாகப் பெருத்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

பெரியவர்களின் மூளைக்குள் ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் நீர் ஊறி வடிகிறது. மூன்றாவது அறையிலிருந்து நான்காவது அறைக்குப் போகும் ஒடுங்கிய பாதை அடைபட்டால் நீர் தேங்கும். மண்டையில் சிறு துளையிட்டு, கேமரா வைத்த குழலை உள்ளே விட்டு, மூன்றாவது அறையின் அடித்தளத்தில் ஓட்டை போடுகிறார்கள். இதுதான் எண்டோஸ்கோபி. மடை அடைபட்ட குளத்துக்கு மறுகால் திறந்துவிட்ட மாதிரி. இது பலித்தால், நீரை வடிக்க வயிறு வரை போகும் ஷன்ட் டியூப் தேவைப்படாது.

அதற்காக, கேமராதான் வேண்டும் என்று அடம்பிடித்து நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்து நாளைக் கடத்தக்கூடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கும், மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைக்கும் இதில் பலன் குறைவு. ஷன்ட்தான் பொருத்தம் என்று டாக்டர் சொன்னால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரிய தவறு ஆபரேஷனுக்கு அப்புறம்தான் நடக்கிறது. டியூப் இல்லையே, இனி என்ன பயம் என்று செக்கப்புக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். போட்ட ஓட்டை மூடிக்கொள்ளலாம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் மூடும், அபூர்வமாகப் பல வருடம் கழித்தும் திடீரென்று மூடும். அது உயிருக்கே ஆபத்து. இன்னொரு பக்கம், அடுத்த ஸ்கேனில் அறைகள் அதிகம் சுருங்கவில்லை என்று பதறுகிறவர்களும் உண்டு. பிள்ளை நன்றாக இருந்தால் அது மட்டுமே தோல்வி ஆகாது.

பழைய தலைவலி, வாந்தி, கூடவே தூங்கி வழிதல் என்று வந்தால் ஓபி நாளுக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஷன்ட் என்றால் தோலுக்கடியில் டியூப் கைக்குத் தட்டுப்படும். இதில் முடிக்குள் மறைந்த சின்னத் தழும்பு மட்டும்தான். நீங்கள் சொல்லாவிட்டால் ராத்திரி டியூட்டி டாக்டருக்குத் தெரியாது. தங்கச்சி டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வைத்திருக்கிறாள், பாட்டியின் போனிலும்கூட.