பற்றரி செத்தாலும் படம் பிடிக்கும்: பழைய பிலிம் கமரா பழகுவோருக்கு

போர்க்காலத்தில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். பற்றரி இல்லாமலே சட்டர் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் திரை) அடிக்கும் கமராவில் எனக்குத் தனிப் பிரியம் வந்ததும் அதனால்தான். என் தெரிவு பென்ரக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை செய்தார்கள். பற்றரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீற்றருக்கு மட்டுமே. பழைய சோவியத் கமராவான செனிட்-இ கிடைத்தாலும் வாங்கலாம், ஆனால் பொழுதுபட்டால் அதன் வியூஃபைண்டருக்குள் ஆளா மரமா என்று தெரியாது.

வாங்குமுன் பின்கதவைத் திறந்து, சட்டர் வேகத்தை 1 செக்கனில் வைத்து அழுத்திப் பாருங்கள். இடையில் சிக்கினால் வேண்டாம். லென்ஸைக் கழற்றி ரோச் அடியுங்கள். சிலந்தி வலைபோல இழை ஓடினால் பூஞ்சணம், அதுவும் வேண்டாம். கதவோரப் பஞ்சு கறுப்புப் பிசினாக ஒட்டினால் மாற்றிக்கொள்ளலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இனி பிலிம் போடுவது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு 36 படம் எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். 36க்குப் பிறகும் பிலிமை நகர்த்தும் லீவர் வெண்ணெய்போல இழுபட்டபோதாவது யோசித்திருக்க வேண்டும். பிலிமின் நாக்கு, அதாவது வெளியே நீட்டியிருக்கும் முனை, பிடிபடவே இல்லை. காவடி, மடை, அம்மாளாச்சி ஒன்றுமே விழவில்லை.

ஆகவே நாக்கை வலப்பக்க உருளையின் வெட்டில் நன்றாகச் செருகுங்கள். கதவை மூடாமல் லீவரை ஒருதரம் இழுங்கள். மேலும் கீழும் பற்கள் துளைகளில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடுங்கள். இடப்பக்கக் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றித் தொய்வை எடுங்கள். அப்புறம் லீவர் இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழ் தானாக எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலாவிட்டால் பிலிம் ஓடவில்லை. இப்போது நான் படத்தைவிடக் குமிழைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வெளிச்சக் கணக்கு சுலபம். 200 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) பிலிம், இரணைமடுக் குளக்கட்டில் நல்ல வெயில்: லென்ஸ் துவாரம் 16 (f/16), சட்டர் வேகம் 1/250 செக்கன். வேம்பு நிழலுக்கு வந்தால் துவாரம் 4.

முடிந்ததும் அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, இடப்பக்கக் குமிழின் கைபிடியை விரித்துச் சுற்றி, பிலிமைத் திரும்பக் கூட்டுக்குள் சுருட்டுங்கள். இறுக்கம் விட்டபின் இன்னும் சில சுற்று. கதவை நிழலில் திறவுங்கள்.

பின்சேர்க்கை: புதுப் பற்றரி சீக்கிரமே தீர்ந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். கே1000இல் மீற்றரை நிறுத்தச் சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். சரி, வேறு வழியில்லை, லென்ஸ் மூடியைத் தொலைக்காதீர்கள்.