பெரிய விளையாட்டுப் போட்டிகளில் மருத்துவ ஏற்பாடு: ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டால் போதுமா?

பெரிய போட்டி நடத்துகிறவர்களிடம் மருத்துவ ஏற்பாடு என்னவென்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் “ரெண்டு ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு” என்பதுதான். ஆம்புலன்ஸ் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மைதானத்தில் விழுந்தவர் பிழைப்பாரா என்பது பல நேரங்களில் அந்த வண்டி கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளில் பல, இதை மறப்பதால் வருபவை.

இதயத் துடிப்பு திடீரென்று நின்றுபோவதை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்தும் சிபிஆரும், ஏஇடி கருவி தரும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தபோது, யாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. புல்தரையிலேயே சிபிஆர், அங்கேயே ஷாக். அடுத்த ஆண்டு அவர் மறுபடி களமிறங்கினார்.

இதில் முதல் தவறு, நடந்தது என்னவென்று புரியாமல் நிற்பது. யாரும் மோதாமல் வீரர் தானாக விழுகிறார். கை கால் லேசாக உதறுகிறது, விட்டு விட்டு மூச்சை இழுப்பதுபோல் வாய் திறக்கிறது. “வலிப்புதான், தெளிஞ்சிடும்” என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். இதயம் நின்ற தொடக்கத்தில் இந்த உதறலும் ஏங்கல் மூச்சும் அடிக்கடி வரும். கூப்பிட்டால் பதில் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொண்டு அழுத்தத் தொடங்க வேண்டும்.

அடுத்தது, ஏஇடியைப் பூட்டிய அறையில் வைத்துவிட்டுச் சாவியை யாரிடமோ கொடுத்திருப்பது. மேல் கேலரியின் கடைசி வரிசைக்கு அந்தக் கருவி போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடிப் பாருங்கள். அதையும் படிக்கட்டில் கூட்டம் இருக்கும்போது பாருங்கள். காலி மைதானத்தில் கிடைக்கும் கணக்கு நம்மை ஏமாற்றும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இன்னொரு கருவி வாங்க வேண்டியதுதான்.

கேலரி என்றதும் ஒன்று. மருத்துவக் குழு முழுவதும் வீரர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நோயாளிகள் அதிகம் வருவது பார்வையாளர்களிடமிருந்து. அவர்களில் முதியவர்கள் உண்டு, மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த இதய நோயாளிகளும் உண்டு. 2006 கால்பந்து உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில் நடந்த ஆய்வில், ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் இதய அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தார்கள். ஆகவே ஆடுகளத்துக்கு ஒரு குழு, பார்வையாளர்களுக்குத் தனிக்குழு என்று பிரித்துவிடுவதே சரி.

வெயிலில் நடக்கும் நெடுந்தூர ஓட்டங்களில்தான் ஆம்புலன்ஸ் மோகம் அதிகம் கெடுக்கிறது. ஓடுபவர் தள்ளாடுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், விழுகிறார். நெற்றியில் கை வைத்தாலோ காதில் தெர்மாமீட்டர் வைத்தாலோ உள் வெப்பம் சரியாகத் தெரியாது. ஆசனவாய் வழியாகத்தான் அளக்க வேண்டும். கூச்சம் பார்த்தால் ஆளை இழக்க நேரிடும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மனக்குழப்பமும் இருந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே ஏற்றி அனுப்புவதுதான் இங்கே தவறு. பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்து, அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை 39 டிகிரி அளவுக்கு இறக்கிவிட்டு, அப்புறம் அனுப்ப வேண்டும். போட்டியை இரவுக்கு மாற்றிவிட்டோம், தொட்டி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2019இல் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை நள்ளிரவை ஒட்டித் தொடங்கினார்கள். ஓடிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள்.

விழுந்தவருக்கெல்லாம் சலைன் ஏற்றுவது இன்னொரு பழக்கம். ஓட்டம் முடியும் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மயங்கிச் சரிபவர்களில் பலருக்கு, ஓட்டத்தை நிறுத்தியதால் ரத்தம் கால்களில் தேங்கியிருக்கும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடுவார்கள். வழியிலேயே விழுகிறவரைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். சிலருக்குப் பிரச்சினையே தண்ணீர் அதிகமாகக் குடித்து, ரத்தத்திலுள்ள சோடியம் என்ற உப்பு நீர்த்துப்போனது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. வாந்தி, தலைவலி, குழப்பம் எல்லாம் வெயில் பாதிப்பு மாதிரியே இருக்கும். சோடியம் பார்க்காமல் சாதாரண சலைனை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். கடுமையாக இருந்தால் தேவைப்படுவது 3 சதவீத உப்புக் கரைசல், அதுவும் சிறிய அளவில். சோடியம் பார்க்கும் சிறு கருவி எல்லைக் கோட்டுக் கூடாரத்திலேயே இருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டவரை “ஆட முடியுமா?” என்று கேட்பது வீண். எந்த வீரர் முடியாது என்பார்? 2014 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அடிபட்ட ஜெர்மனி வீரர் கிறிஸ்டோஃப் கிராமர் தொடர்ந்து ஆடினார். இது இறுதி ஆட்டம்தானா என்று நடுவரிடமே கேட்ட பிறகுதான் வெளியே அழைத்துச் செல்லப்பட்டார். சந்தேகம் வந்தாலே வெளியேற்ற வேண்டும். அந்த முடிவு மருத்துவருடையதாக இருக்க வேண்டும், பயிற்சியாளருடையதாக அல்ல.

அப்புறம் வண்டி உள்ளே வரும் வழி. 1989இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் 97 உயிர்கள் போயின. ஆம்புலன்ஸ்கள் வராமல் இல்லை. ஆடுகளத்துக்குள் வந்தவைதான் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ரசிகர்களே விளம்பரப் பலகைகளைப் பெயர்த்து ஸ்ட்ரெச்சராக்கித் தூக்கினார்கள். எந்த வாசல் வண்டிக்கு, அதன் சாவி யாரிடம், அங்கே நிற்கும் காவலர் யார் சொன்னால் திறப்பார் என்பதெல்லாம் போட்டிக்கு முன்பே ஒத்திகையில் தெரிந்திருக்க வேண்டும். வாக்கி டாக்கியில் “இந்தப் பக்கம் ஒருத்தர் விழுந்துட்டார்” என்பது தகவலே அல்ல. பகுதி, வரிசை, அருகிலுள்ள வாசல் எண் மூன்றையும் சொல்லப் பழக்குங்கள்.

கடைசி விசில் ஊதியதும் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்காதீர்கள். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் படியிறங்குவது அப்போதுதான். கேலரி காலியாகி, வாகன நிறுத்துமிடத்தில் கூட்டம் கலையும்வரை குறைந்தது ஒரு குழுவும் ஒரு ஏஇடியும் வெளிவாசலில் இருக்கட்டும்.