பள்ளிக்கு நிதி திரட்ட வெள்ளி நாணயம்: அச்சடிப்பதில் இருந்து அனுப்புவது வரை

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழு என்று ஒன்று இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவையாவது "நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்பா" என்ற பேச்சு வந்துவிடும். வசூல் முதல் வாரம் மளமளவென்று போகும், அப்புறம் அடங்கிவிடும். பள்ளியின் நூற்றாண்டு மாதிரி ஒரு தருணம் கையில் இருக்கிறது என்றால், பள்ளிக் கட்டடத்தையும் ஆண்டையும் பொறித்த வெள்ளி நாணயம் ஒன்றை அடித்து அதன் வழியாக நிதி திரட்டலாம். கொடுத்தவர் வீட்டில் அது பல வருஷம் பூஜை அறையிலோ பீரோவிலோ இருக்கும், பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டுவார்கள், வெள்ளி என்பதால் மதிப்பும் போகாது.

இதில் டி-ஷர்ட் அடிப்பதற்கு இல்லாத ஒரு ஆபத்து உண்டு. மூலப்பொருளின் விலை தினமும் மாறும். 2025 தொடக்கத்தில் சென்னையில் கிராம் நூறு ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, அந்த வருஷம் முடிவதற்குள் இருநூறைத் தாண்டிப் போய்விட்டது. நடுவில் விலையைச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, வெள்ளியை மட்டும் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துத்தான்: பள்ளி நூலகத்துக்குப் போக வேண்டிய பணத்தை வெள்ளி விலை தின்றுவிடக் கூடாது.

படி 1: பணம் யார் கணக்குக்கு வரும்?

டிசைனுக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். ஒருங்கிணைப்பாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்கவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். லட்சக்கணக்கில் பணம் வந்து போகும்போது வருமான வரிக் கேள்வி அவர் தலையில் விழும், குழுவுக்குள் சந்தேகமும் வரும். சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான பழைய மாணவர் சங்கமோ அறக்கட்டளையோ இருந்தால் அதன் பான் எண்ணில் உள்ள வங்கிக் கணக்கைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் முதலில் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டு மேலே போகலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

அடுத்து ஜிஎஸ்டி. வெள்ளி நாணயத்துக்கு 3 சதவீதம். சங்கமே நாணயத்தை விற்றால் அது வியாபாரம். வேறு மாநிலத்தில் இருப்பவருக்குப் பொருளை விற்றால், விற்பனை சிறியது என்ற காரணம் பொதுவாக எடுபடாது, ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ஆட்கள் இல்லாத பழைய மாணவர் குழு எது? அதனால் என் யோசனை இதுதான். ஜிஎஸ்டி எண் உள்ள நகைக்கடையோ பட்டறையோ நாணயத்துக்கான பில்லை உறுப்பினர் பெயரிலேயே போடட்டும், நன்கொடை தனியாகச் சங்கக் கணக்குக்கு வரட்டும். நாணயத்துக்கு ஒரு பில், நன்கொடைக்கு ஒரு ரசீது. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகை ரசீது கொடுக்கும் தகுதி சங்கத்துக்கு இருந்தாலும், நாணயத்தின் விலையை நன்கொடை என்று ரசீதில் எழுதக் கூடாது. இந்த ஏற்பாட்டை ஒரு ஆடிட்டரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே அறிவிப்பை வெளியிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயம்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பில் இருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால் ஆகும், அவரிடம் ஓசிஐ அட்டை இருந்தாலும்கூட. அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும். அது இல்லாத சங்கம் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது.

படி 2: விலை போடுவது

பத்து கிராம், 999 சுத்தம், அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. முதல் முறைக்கு இதுவே போதும். 925 வெள்ளியில் செம்பு கலந்திருப்பதால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், கீறல் குறைவாக விழும்தான், ஆனால் வாங்குகிறவர் பிற்பாடு கடைக்கு எடுத்துப்போனால் 999 என்ற முத்திரைக்குத்தான் பேரம் இல்லாமல் விலை கிடைக்கும்.

கணக்குக்கு வசதியாக வெள்ளி கிராம் 200 ரூபாய், நாணயங்கள் 200 என்று வைத்துக்கொள்வோம். இவை உதாரணத்துக்கான எண்கள்தான், அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி 2,000. செய்கூலி 150. இரண்டின் மேல் ஜிஎஸ்டி சுமார் 65. இரண்டு பக்க டைக்கு, அதாவது உருவத்தை வெள்ளியில் பதிக்கும் அச்சுக்கு, 20,000 ஆகிறது என்றால் ஒரு நாணயத்தின் பங்கு 100. கேப்சூலும் (நாணயத்தை வைக்கும் பிளாஸ்டிக் கூடு) பெட்டியும் 60, தபாலும் காப்பீடும் 125. ஆகமொத்தம் 2,500. உறுப்பினர் மொத்தமாகக் கொடுப்பது 3,000 என்றால் பள்ளிக்கு நாணயத்துக்கு 500 ரூபாய், ஆக ஒரு லட்சம்.

இப்போது வெள்ளி 10 சதவீதம் ஏறட்டும். ஜிஎஸ்டியோடு சேர்த்து நாணயத்துக்கு 206 ரூபாய் கூடுதல், பள்ளிக்குப் போவது சுமார் 59,000 ஆகிவிடும். 25 சதவீதம் ஏறினால் பள்ளிக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாது, இத்தனை பேர் இத்தனை வாரம் உழைத்தும். ஆகவே அறிவிப்பில் "3,000 ரூபாய்" என்று ஒரே தொகையாகப் போடாதீர்கள். "முன்பதிவு மூடும் நாளின் வெள்ளி விலை, செய்கூலி, அனுப்பும் செலவு, கூடவே பள்ளிக்கு 500" என்று பிரித்துப் போடுங்கள். பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று தெளிவாகத் தெரிந்தால் மக்கள் 500 இடத்தில் 1,000 கூடத் தருவார்கள்.

படி 3: எதைப் பொறிக்கலாம், எதைப் பொறிக்கக் கூடாது

நாணயம் என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும் சட்டப்படி இது பதக்கம். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம், பணமாகப் புழங்கும் நோக்கத்தில் உலோகத் துண்டு அடிப்பதைத் தடை செய்கிறது. எனவே ரூபாய் குறியீடு, மதிப்பு எண், "இந்தியா" என்ற பெயர் எதுவும் வேண்டாம். அசோகச் சின்னம் கூடவே கூடாது, அதற்கு 2005இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. காந்தி, நேரு உருவங்களை விற்பனைப் பொருளில் போடுவதற்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. அரசுப் பள்ளி என்றால் கட்டடத்தின் படத்தையும் பெயரையும் போடுவதற்குத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வையுங்கள்.

முன்பக்கம் கட்டடம், அல்லது எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்த வேப்ப மரம். பின்பக்கம் பள்ளிப் பெயர், ஆண்டு, "10 கி 999". போதும். நன்கொடையாளர் பட்டியலையெல்லாம் நாணயத்தில் ஏற்றாதீர்கள்.

படி 4: வரைபடமும் தமிழ் எழுத்தும்

பத்து கிராம் வெள்ளியை 32 மில்லிமீட்டர் விட்டத்தில் அடித்தால் கனம் சராசரியாக 1.2 மில்லிமீட்டர்தான் வரும். அதற்குள் எழுத்து மேலெழும்ப வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். அசல் அளவில் காகிதத்தில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

தமிழில் முதலில் போவது புள்ளிதான். "உயர்நிலைப் பள்ளி" என்று எழுதினால் ர், ப், ள் ஆகிய மூன்றின் மேலும் புள்ளி இருக்கிறது. மெல்லிய எழுத்துருவில் அவை ஊசிமுனை அளவுக்குச் சிறுத்து, டையில் பொறிக்கும்போது காணாமல் போகும், அல்லது பாலிஷ் போடும்போது தேய்ந்துவிடும். புள்ளி போனால் "உயரநிலைப பளளி" என்று நிரந்தரமாக வெள்ளியில் இருக்கும். தடித்த எழுத்துருவை எடுத்து, புள்ளிகளை மட்டும் கையால் பெரிதாக்கி, எழுத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். "ணை", "ளை" போன்றவற்றில் கொம்பின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அந்த இடைவெளிகளையும் திறந்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம்: கோப்பை அனுப்பும் முன் எழுத்துகள் அனைத்தையும் கோட்டு வடிவமாக, அதாவது "கர்வ்" ஆக மாற்றிவிடுங்கள். பட்டறைக் கணினியில் இருக்கும் பழைய கோரல்டிரா வரைகலை மென்பொருளில் யூனிகோடு தமிழ் பெரும்பாலும் உடையும். "கொ" என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும், அதைச் சரி செய்கிறேன் என்று அங்கே இருப்பவர் தன் எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்வார், பிழை அங்கேதான் நுழையும்.

படி 5: பட்டறை, டை, மாதிரி

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையும் சிவதாபுரமும் வெள்ளி வேலைக்குப் பேர்போன இடங்கள், ஆனால் கொலுசுப் பட்டறை எல்லாவற்றிலும் நாணயம் அடிக்கும் பிரஸ் இருக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும். சென்னை சவுகார்பேட்டையிலும் கோவையிலும் ஆர்டர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை பெரிது, பட்ஜெட்டும் இருக்கிறது என்றால் எம்எம்டிசி-பாம்ப் போன்ற நிறுவனங்களிடமும் கேட்கலாம்.

வேலை நடக்கும் விதம் இப்படி. வெள்ளியை உருக்கித் தகடாக அடித்து, அதில் இருந்து வட்ட வில்லைகளை வெட்டி, சூடேற்றிப் பதப்படுத்தி, இரண்டு டைகளுக்கு நடுவில் வைத்து பிரஸ்ஸில் அழுத்துவார்கள். வட்டங்கள் வெட்டிய பிறகு ஓட்டை ஓட்டையாக மிஞ்சும் தகடு கொஞ்சநஞ்சம் இல்லை. அது உங்கள் கணக்கிலா, பட்டறைக் கணக்கிலா? சேதாரம் தனியா, செய்கூலியிலேயே அடங்கியதா? நாணயத்தின் நிகர எடைக்கு மட்டும்தான் வெள்ளி விலை என்று எழுதி வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. டை யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். காசு கொடுத்தது நீங்கள், டை உங்களுடையது.

டை தயாரானதும் செம்பிலோ ஈயத்திலோ ஒரு மாதிரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைச் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள். பள்ளியின் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டினால் இன்னும் நல்லது.

படி 6: முன்பதிவு மூடும் நாள்

டை, மாதிரி, ஒப்பந்தம் எல்லாம் முடிந்த பிறகே முன்பதிவைத் திறக்க வேண்டும். பத்து நாள் அல்லது இரண்டு வாரம் போதும். முன்பணத்தையும் முகவரியையும் அப்போதே வாங்கிவிடுங்கள். மூடும் நாள் வங்கி வேலை நாளாக இருக்கட்டும். அன்று காலை விலையைப் பார்த்து, இறுதித் தொகையைக் குழுவில் அறிவித்து, சேர்ந்த முன்பணத்தில் அன்றே பட்டறையில் மொத்த வெள்ளிக்கும் விலையைக் கட்டிவிடுங்கள். "கட்டிவிட்டோம்" என்று வாய்ச்சொல்லாக வேண்டாம், எடையும் விலையும் தேதியும் போட்ட பில் கைக்கு வரவேண்டும். "விலை இறங்கும்போல இருக்கு, ரெண்டு நாள் பொறுப்போம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஊர்ப்பணத்தை வைத்து விலை பார்த்து விளையாட நமக்கு உரிமை இல்லை.

பதிவான எண்ணிக்கைக்கு மேல் ஐந்தாறு நாணயம் கூடுதலாக அடித்துக்கொள்ளுங்கள். தபாலில் தொலைவதும் கீறல் விழுந்து திரும்பி வருவதும் உண்டு.

படி 7: வந்ததைச் சோதிப்பது

ஒவ்வொன்றையும் இரண்டு தசமம் காட்டும் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து. ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிச் சுத்தம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் சோதனை செய்து தருவார்கள், ஆனால் அந்தக் கதிர் மேல்பரப்பைத்தான் பார்க்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். வெள்ளியின் அடர்த்தி 10.49 என்பதால் பத்து கிராம் நாணயத்துக்குத் தராசு 0.95 காட்டும். உள்ளே பித்தளை என்றால் 1.17 பக்கம் போய்விடும். பத்துக்கு ஒன்று என்று எடுத்து இப்படிப் பார்த்து, அதை வீடியோவாகக் குழுவில் போடுங்கள், நம்பிக்கை தானாக வரும்.

படி 8: பேக்கிங்

கேப்சூலின் உள்விட்டத்தைப் பார்த்து நாணயத்தின் விட்டத்தை முடிவு செய்யுங்கள், மாற்றிச் செய்தால் பொருந்தும் கேப்சூலுக்கு அலைய வேண்டியிருக்கும். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். ஆகவே ரப்பர் பேண்ட் கிட்டேயே வரக்கூடாது, செய்தித்தாளில் சுற்றக் கூடாது, மலிவான பிவிசி உறையும் வேண்டாம். அக்ரிலிக் கேப்சூல், அது அசையாதபடி வெட்டிய அட்டை, மேலே பபிள் கவர், அதற்கு மேல் நெளியாத சின்ன அட்டைப்பெட்டி. காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது.

படி 9: அனுப்புவது

பல தனியார் கூரியர்களின் விதிகளில் தங்கமும் வெள்ளியும் ஏற்றுக்கொள்ளாத பொருள்கள், தொலைந்தால் இழப்பீடு கிடைக்காது. "கிஃப்ட் ஐட்டம்" என்று பொய் எழுதி அனுப்பினால் அந்த நஷ்டம் பள்ளிப் பணத்தில்தான் விழும். ஸ்பீடு போஸ்ட்டில் பொருளையும் மதிப்பையும் உள்ளபடி சொல்லி, காப்பீடு செய்து அனுப்புவதே சிறிய குழுவுக்குத் தோது. முந்தின வாரமே தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய், இத்தனை பார்சல் வரும் என்று சொல்லி, எந்த நேரம் கூட்டம் குறைவு என்று கேட்டு வையுங்கள். பெட்டியின் மேல் மட்டும் "வெள்ளி" என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டாம், பில் உள்ளே இருக்கட்டும்.

முகவரிகளை ஒரே எக்செல் தாளில் வைத்து, பின்கோடையும் கைபேசி எண்ணையும் உறுப்பினரிடமே ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லி, லேபிளாக அச்செடுங்கள். வரிசை எண், பெயர், எடை, தபால் எண் எல்லாம் அந்தத் தாளில் ஒரே வரியில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் உள்ள அம்மா, அண்ணன் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். சுங்க விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஒரு பத்து கிராம் நாணயத்துக்காக அதில் இறங்க வேண்டாம்.

படி 10: கணக்கும் டையும்

அடித்த எண்ணிக்கை, அனுப்பியது, மிச்சம், வெள்ளி பில், டை பில், தபால் ரசீது, பள்ளிக்குக் கொடுத்த தொகை, அதற்குப் பள்ளி கொடுத்த ரசீது. இத்தனையும் ஒரே பிடிஎஃப்பாகக் குழுவில் வரவேண்டும். மிஞ்சிய நாணயங்களைக் குழுவிலேயே அன்றைய விலைக்குக் கொடுத்து, அந்தப் பணத்தையும் கணக்கில் சேருங்கள். டையைப் பட்டறையில் விட்டுவைக்காதீர்கள். இரண்டு துண்டையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, சங்கத்தின் பீரோவில் பூட்டி, சாவி யாரிடம் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.