ஆயிரம் அறைகள்: ஹாஸ்கெல்லில் சர்க்குலர் பஃபர் சறுக்கும் இடங்கள்

காவேரிப்பட்டினம் பக்கம் மாமாவின் மாந்தோப்பு. போர்வெல்லில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் சும்மா ஓடினால் காயில் புகைந்துவிடும். அதனால் மோட்டார் இழுக்கும் கரண்டை நொடிக்கு 1000 தடவை அளக்க ஒரு சின்னக் கணினி வைத்தேன். கடைசி ஒரு நொடி மட்டும் நினைவில் இருந்தால் போதும்: 1000 அறைகள், 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் சரியாக 50 சுற்று. 1001-வது அளவு முதலாவதின் மேல் எழுதப்படும். இப்படி வட்டமாகச் சுற்றும் சேமிப்புதான் சர்க்குலர் பஃபர். அதை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதினேன்.

சி மொழியில் எழுதிப் பழகிய கை முதலில் செய்யும் தவறு, சாதா வெக்டாரை (வரிசையான அறைகளின் தொகுப்பு) எடுத்து ஒரு அறையை மட்டும் மாற்றச் சொல்வது. பழைய வெக்டார் மாறக்கூடாது என்பதுதான் ஹாஸ்கெல்லின் விதி. ஆகவே ஒரு அறைக்காக ஆயிரமும் நகலெடுக்கப்படும். நொடிக்கு பத்து லட்சம் நகல்! லிஸ்ட்டின் வாலில் சேர்த்தாலும் இதே கதிதான். டேட்டா.சீக்வென்ஸ் என்ற நூலகம் தரும் வரிசையில் வலது முனையில் சேர்ப்பதும் இடது முனையில் எடுப்பதும் சராசரியில் மாறாத செலவு. அளவு எவ்வளவு என்பதும் உடனே தெரியும். பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும், வட்டமே வேண்டாம். அதுவும் மெதுவாக இருந்தால்தான் எஸ்டி மொனாடுக்குள் (தனக்குள் மட்டும் நேரடி மாற்றத்தை அனுமதிக்கும் ஏற்பாடு) மாற்றத்தக்க வெக்டார். அங்கே தலையும் (அடுத்து எழுதும் அறை) வாலும் (மிகப் பழைய அளவு உள்ள அறை) ஒரே எண்ணில் நின்றால் பஃபர் காலியா, நிரம்பியதா? எண்ணிக்கையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியமாவது அறையிலிருந்து பின்னால் நகரும்போது, வகுத்து மீதி காணும் இரண்டு சார்புகளில் 'ரெம்' மைனஸ் ஒன்று தரும். 'மாட்' கடைசி அறையைத் தரும். வகுப்பதற்குப் பதிலாக 1024 அறை வைத்து பிட் மாஸ்க் (எண்ணின் கடைசி பிட்களை மட்டும் எடுப்பது) போடச் சொல்வார்கள். எனக்கு 50 சுற்றுதான் முக்கியம், போடவில்லை.

என்னை அலைக்கழித்தது வேறு, கணினி நின்றுபோவது. "ஏம் மாப்ளே, பகல்ல நல்லாத்தான் ஓடுது, ராத்திரியில மட்டும் படுத்துக்குது?" என்றார் மாமா. சென்சாரைச் சந்தேகித்தேன், வயரை மாற்றினேன், இரண்டு ஞாயிறு போச்சு.

குற்றவாளி, பஃபரில் இருக்கும் அளவுகளுக்கு நான் வைத்திருந்த கூட்டுத்தொகை. புதியதைக் கூட்டு, வெளியேறுவதைக் கழி என்று எழுதியிருந்தேன். ஹாஸ்கெல் சோம்பேறி, யாராவது கேட்டால்தான் கணக்குப் போடும். பகலில் மாமா அடிக்கடி போனில் பார்ப்பார், கணக்கு தீர்ந்துவிடும். ராத்திரி யார் பார்ப்பது? போடாத கணக்குகள் சங்கிலியாக நீள, பஃபரை விட்டு வெளியேறிய அளவுகளையும் அந்தச் சங்கிலி பிடித்து வைத்திருந்தது. அறைகள் ஆயிரம்தான், நினைவகத்தில் லட்சக்கணக்கில் குப்பை.

கண்டிப்பான மாடிஃபை (புது மதிப்பை உடனே கணக்கிட்டு வைக்கும் சார்பு) போட்டும் தீரவில்லை. பஃபரையும் கூட்டுத்தொகையையும் ஒரு ஜோடியாக வைத்திருந்தேன். அது ஜோடியின் வெளிக்கூட்டை மட்டும் திறந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டது. இரண்டையும் ஒரே ரெக்கார்டின் (பெயரிட்ட பகுதிகள் கொண்ட அமைப்பு) ஃபீல்டுகளாக்கி, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 'உடனே கணக்கிடு' என்று சொல்லும் ஆச்சரியக்குறி போட்டதும் நினைவகப் பயன்பாடு ஏறாமல் நின்றுவிட்டது.

இன்னொன்று: கூட்டுத்தொகையை டபுளில் (தசம எண் வகை) வைக்காதீர்கள். கூட்டிக் கழித்துக் கூட்டிக் கழித்து சிறு பிழைகள் சேர்ந்து, மோட்டார் நின்ற பிறகும் துளிக் கரண்டு காட்டும். சென்சார் தருவது முழு எண். கூட்டலும் முழு எண்ணிலேயே நடக்கட்டும், ஆம்பியராக மாற்றுவது திரையில் காட்டும்போது.