கோஸ்ட் பைப்ஃபிஷ்ஷ கடலுக்கடியில கண்டுபிடிக்கிறது எப்படி? (புதுசா டைவ் பண்றவங்களுக்கு)

இந்தோனேசியால லெம்பே ஜலசந்தில என்னோட முதல் டைவ். கைடு குச்சிய நீட்டி ஒரு இடத்த காட்டுறாரு, நானும் முறைச்சு முறைச்சு பாக்குறேன், ஒண்ணும் தெரியல, சரி மரியாதைக்குன்னு ஒரு போட்டோ எடுத்துட்டு மேல வந்து பாத்தா படத்தோட ஓரத்துல பாதி மீன் இருக்கு! அந்த மானக்கேட்டுலதான் இத எழுதுறேன்.

ஆள் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். ஆர்னேட் கோஸ்ட் பைப்ஃபிஷ், கடல் குதிரைக்கு சொந்தக்கார மீன், பெருசானாலே 12 செ.மீ. பக்கம்தான். சிவப்பு, மஞ்சள், கருப்பு, வெள்ளைன்னு பல கலர்ல வரும், உடம்பெல்லாம் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கும், துடுப்பு கண்ணாடி மாதிரி.

ஸ்டெப் 1: மீன தேடாதீங்க, வீட்ட தேடுங்க. லெம்பேல அடில கருப்பு எரிமலை மணல்தான், அதுல அங்கங்க ஃபெதர் ஸ்டார் உக்காந்திருக்கும். பாக்க செடி மாதிரி இருக்கும், ஆனா நட்சத்திர மீனோட உறவு, இறகு மாதிரி நிறைய கை. அது இல்லன்னா கருப்பு பவளம், விசிறி பவளம். நம்ம ஆளு இதுங்க பக்கத்துலதான் ஒட்டிக்கிட்டு நிக்கும்.

ஸ்டெப் 2: இங்கதான் எல்லாரும் கோட்ட விடுறோம். மீன்னா படுக்கையா நீந்தும்னு நம்ம மண்டைல பதிஞ்சு போச்சு, இது தலைகீழா தொங்கும், அலை ஆடுற பக்கம் சேர்ந்து ஆடும். அதனால வால தேடாதீங்க, துடுப்ப தேடாதீங்க, கண்ண தேடுங்க. ஃபெதர் ஸ்டார் கைய கீழ இருந்து மேல ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே வந்தா, ஏதோ ஒரு "கை"ல மட்டும் குட்டியா வட்டமா ஒரு கண்ணு இருக்கும். அவ்ளோதான், மாட்டிக்கிச்சு.

ஸ்டெப் 3: ஒண்ணு கிடைச்சதும் கிளம்பிடாதீங்க. பல நேரம் ஜோடியா இருக்கும், பெருசு பொண்ணு, சின்னது ஆணு. கடல் குதிரைல அப்பாதான முட்டைய சுமப்பாரு, இங்க உல்டா, அம்மா வயித்துக்கு கீழ இருக்குற ரெண்டு துடுப்பும் பை மாதிரி சேர்ந்திருக்கும், முட்டை அதுக்குள்ள. அப்பப்போ அந்த பைய லேசா திறக்கும், முத்துன முட்டைன்னா உள்ள குட்டிங்களோட கண்ணு புள்ளி புள்ளியா மின்னும். எனக்கு மூணாவது நாள்தான் அது கிடைச்சுது, மூச்சு விடுற ரெகுலேட்டர் வாய்ல இருக்கும்போதே கத்திட்டேன்.

ஸ்டெப் 4: போட்டோ. மேக்ரோ லென்ஸ் (குட்டி பொருள கிட்டக்க எடுக்குற லென்ஸ்) இருந்தா 60 எம்எம் போதும், 100 எம்எம்னா கொஞ்சம் தள்ளி நிக்கணும். மீன் தட்டையா இருக்குறதால அதோட பக்கவாட்டுக்கு நேரா கேமராவ பிடிங்க, ஃபோகஸ் கண்ணுல. அது முதுக காட்டி திரும்பும், கண்டிப்பா திரும்பும், அப்போ சுத்தி சுத்தி விரட்டாம அப்படியே நில்லுங்க, பெரும்பாலும் தானா திரும்பி வரும். குச்சியால தள்ளிவிட்டு போஸ் குடுக்க வைக்கிறவங்கள பாத்திருக்கேன், எரிச்சலா வரும்.

ஆங், பாயன்சி! இத முன்னாடியே சொல்லிருக்கணும். மிதக்கிற கன்ட்ரோல் இல்லாம மணல்கிட்ட போயி கால்ல மாட்டிருக்குற ஃபின்ன ஆட்டுனீங்கன்னா கருப்பு புழுதி எழும்பி எதுவுமே தெரியாது, உங்களுக்கும் தெரியாது பின்னாடி வர்றவங்களுக்கும் தெரியாது. லெம்பே போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு டைவ்ல இத மட்டுமே பழகிட்டு போங்க.

புல்லு வளர்ந்த இடத்துல தனியா ஒரு காஞ்ச இலை மட்டும் ஆடிக்கிட்டு இருந்தா அதையும் விட்டுடாதீங்க, இதே குடும்பத்துல கடல்புல் மாதிரியே வேஷம் போடுற ரோபஸ்ட் கோஸ்ட் பைப்ஃபிஷ்னு இன்னொண்ணு இருக்கு. நான் அத ரெண்டு தடவ இலைன்னே நினைச்சு தாண்டி போயிருக்கேன்.