டிரில் போட்ட துளையை ரீமர், கவுண்டர்போரால் முடிப்பது எப்படி?

டிரில் போட்ட துளை பெரும்பாலும் பிட்டின் அளவைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் வரும். வட்டமும் சுத்தமாக இருக்காது. போல்ட் நுழைய அது போதும். டவல் பின் (இரு பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் உருளை ஊசி) கச்சிதமாக உட்கார வேண்டுமென்றால், துளையைச் சிறிதளவே சீவிச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் ஓட்டியாக வேண்டும். மைல்ட் ஸ்டீலில் 10 மி.மீ. எச்7 (எவ்வளவு அளவு வித்தியாசம் அனுமதி என்பதன் குறியீடு) துளையை, அதாவது 10.000 முதல் 10.015 மி.மீ. வரை உள்ளதை, எடுத்துக்கொள்வோம்.

ஜாபை (வேலைத்துண்டை) வைஸில் பேரலல் (சம உயரமுள்ள தாங்கு பட்டை) மேல் வைத்து இறுக்குங்கள். பேரலல் துளைக்கு நேர் கீழே வரக்கூடாது. ஸ்பாட் டிரில்லால் இடம் பிடித்து, முதலில் 9, பிறகு 9.8 மி.மீ. டிரில் போடுங்கள். ரீமர் வெட்ட மீதமிருப்பது 0.2 மி.மீ. இதைக் குறைத்தால் ஃபினிஷ் நன்றாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ்: மிகக் குறைவாக விட்டால் ரீமர் வெட்டாமல் தேய்க்கும், சூடாகும், சீக்கிரம் மழுங்கும்.

இனி வைஸையும் டேபிளையும் தொடாமல் ரீமரை மாட்டுங்கள். ரீமர் இருக்கிற துளையின் வழியேதான் போகும். சாய்ந்ததை நிமிர்த்தாது, இடம் தவறியதைத் திருத்தாது. அதெல்லாம் போரிங் பாரின் (ஒற்றை முனையால் துளையைக் குடையும் கருவி) வேலை. நகர்ந்த ஜாபில் ரீமரை இறக்கினால் துளையின் வாய் மணி போல விரியும்.

எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில்லுக்கு 800 ஆர்பிஎம் என்றால் ரீமருக்கு 250 போதும். ஃபீடு (கருவி உள்ளே இறங்கும் அளவு) ஒரு சுற்றுக்கு 0.25 மி.மீ.; 20 மி.மீ. தடிமனைக் கடக்க ஏறத்தாழ 20 விநாடி. பயந்து மெதுவாக இறக்குவதும் தேய்ப்பதில்தான் முடியும். கட்டிங் ஆயிலைத் தாராளமாக விடுங்கள் (வார்ப்பிரும்பானால் எண்ணெய் இல்லாமலே ஓட்டலாம்). வெளியே எடுக்கும்போதும் ஸ்பிண்டில் அதே திசையில் சுற்றட்டும். ரிவர்ஸ் போட்டால் சிப்ஸ் வெட்டு முனைக்குப் பின்னால் சிக்கி முனையை உடைக்கும், துளையிலும் கோடு விழும்.

ஆலன் போல்ட் தலை உள்ளே அமுங்க வேண்டிய இடத்துக்கு, துளையின் வாயைத் தட்டையான அடியோடு அகலமாக்கும் கவுண்டர்போர். எம்8-க்கு 9 மி.மீ. துளை, 15 மி.மீ. கவுண்டர்போர், தலை உயரம் 8 என்பதால் ஆழம் 9 வையுங்கள். கருவியின் பைலட் (முன்னால் நீண்டிருக்கும் வழிகாட்டித் தண்டு) துளைக்குள் ஆட்டமில்லாமல் சுழல வேண்டும். சரிவுத்தலை ஸ்குரூவுக்கு 90 டிகிரி கவுண்டர்சிங்க் (கூம்பு வடிவக் குழி). பரப்பில் அலையலையாகக் கோடு விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

கடைசியாக பர் (விளிம்பில் நிற்கும் பிசிறு) எடுத்து, துளையைத் துடைத்து, ஜாப் ஆறிய பிறகு பிளக் கேஜ் (துளையின் அளவு சரியா என்று பார்க்கும், இரு முனையுள்ள உருளை) போடுங்கள். கோ முனை அழுத்தாமலே இறங்க வேண்டும், நோ-கோ நுழையக்கூடாது. நோ-கோவும் இறங்கிவிட்டால், அடுத்த ஜாபைப் போடுமுன் ரீமரின் ரன்-அவுட்டை (சுழலும்போது மையம் விலகி ஆடும் அளவை) டயல் வைத்துப் பாருங்கள்.