வயர்லெஸ் வீட்டு அலாரத்தை நீங்களே பொருத்த

ட்ரில்லை எடுக்கும் முன் தாளையும் பென்சிலையும் எடுங்கள். வீட்டைக் கோட்டுப்படமாக வரைந்து, வெளியிலிருந்து உள்ளே வர வழியுள்ள கதவுகளையும் கைக்கு எட்டும் ஜன்னல்களையும் குறியுங்கள். பின்வாசலும் மாடிக் கதவும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஒரு பேனல் (சென்சார்களின் செய்தியை வாங்கி சைரனை ஒலிக்கவைக்கும் மையப் பெட்டி), மூன்று அல்லது நான்கு கதவு சென்சார்கள், ஒன்றிரண்டு அசைவு சென்சார்கள், ஒரு சைரன், இரண்டு ரிமோட்டுகள் போதும். சென்சார் எண்ணிக்கையைவிட அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். காரணமில்லாமல் நான்கு முறை அலறிய அலாரத்தை ஐந்தாவது நாள் யாரும் ஆன் செய்ய மாட்டார்கள். கீழே சொல்லும் பெரும்பாலான விஷயங்கள் அந்தப் பொய் அலறலைத் தவிர்ப்பதற்காகத்தான்.

முதலில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொரு சென்சாரையும் பேனலோடு இணைத்துவிடுங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் 'வாசல்', 'பின்கதவு', 'ஹால்' என்று எழுதி ஒட்டி, பேனலிலும் அதே பெயரைக் கொடுங்கள். சுவரில் மாட்டிய பிறகு ஏணியில் ஏறி இணைப்புப் பட்டனைத் தேடுவது வீண் வேலை.

பேனலுக்கு வீட்டின் நடுப்பகுதி நல்லது. பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். வாசலில் நிற்பவர் கண்ணில் படக் கூடாது. இரும்பு பீரோவுக்குள்ளோ அதன் பின்னாலோ வைத்தால் சிக்னல் தடைபடும். வைஃபை ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். உள்ளிருக்கும் பேட்டரிக்குப் பல பேனல்களில் தனி சுவிட்ச் உண்டு, அது அணைந்த நிலையில்தான் பெட்டியில் வரும். அதைப் போட்டபின் அடாப்டரைப் பிடுங்கி, பேனல் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். சிம் போடும் மாடல் என்றால் சிம்மின் PIN எண் பூட்டை முன்பே ஒரு போனில் எடுத்துவிடுங்கள். வைஃபை மட்டும் உள்ள மாடலில் கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்து உங்கள் போனுக்குத் தகவல் வராமல் போகும். ரவுட்டருக்கும் ஒரு யுபிஎஸ் தேவை.

கதவு சென்சாரில் இரண்டு துண்டுகள். பேட்டரி உள்ள பெரிய துண்டு கதவுச் சட்டத்தில், சிறிய காந்தத் துண்டு கதவில். பெரிய துண்டுக்குள் இருக்கும் ரீட் சுவிட்ச், காந்தம் விலகியதும் நிலை மாறி பேனலுக்குச் செய்தி அனுப்புகிறது. கதவு மூடியிருக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு செ.மீ.க்குள் இடைவெளி இருக்கட்டும். அம்புக்குறிகள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கீல் பக்கம் வைக்காதீர்கள், அங்கே கதவு பாதி திறந்த பிறகும் காந்தம் அதிகம் நகர்ந்திருக்காது. கைப்பிடி இருக்கும் பக்கத்து மேல்மூலைதான் சரி. இரும்புக் கதவு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்ளும். காந்தத்துக்கு அடியில் 5 முதல் 10 மி.மீ. தடிமனில் பிளாஸ்டிக் அல்லது மரத் துண்டு கொடுங்கள். காற்றில் ஆடும் தளர்ந்த கதவு பொய் அலறலுக்கு ஒரு பெரிய காரணம், ஆகவே சென்சாரை மாட்டும் முன் தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள்.

இரட்டைப் பக்க டேப்பை ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டேப்புக்கு நல்ல பிடிப்பு வர ஒரு நாளாவது ஆகும். பொடி உதிரும் சுவரில் டேப் நிற்காது, ஸ்க்ரூதான்.

அசைவு சென்சாரில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பிஐஆர் எனப்படும் இது, எதையும் படம் பிடிப்பதில்லை. தன் பார்வைப் பரப்பில் வெப்பம் இடம் மாறுவதை மட்டும் கவனிக்கிறது. அதனால் தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரைச் சீக்கிரம் பிடிக்கும். அறையின் மூலையில், தரையிலிருந்து 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில், நுழைபவர் குறுக்கே கடக்கும்படி வையுங்கள். ஜன்னல் வெயில், ஏசி காற்று, அடுப்பு, ஆடும் திரைச்சீலை ஆகியவை அதன் எதிரே இருக்கக் கூடாது. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஆளை இது பார்க்காது. அறையின் சூடு உடல் சூட்டை நெருங்கும் நாட்களில் உணர்திறன் குறையும், ஆகவே கதவு சென்சாருக்கு மாற்றாக இதை நம்ப வேண்டாம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், செல்லப்பிராணியின் எடை வரம்பு குறிப்பிட்ட மாடலை வாங்குங்கள். அதன் எதிரே பூனை ஏறும் அலமாரி இருந்தால் அந்த மாடலும் உதவாது.

சைரன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். 100 டெசிபெலுக்கு மேல் ஒலிப்பது என்பதால் சோதிக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

அமைப்புகளில் முதல் வேலை, பெட்டியோடு வந்த கடவுக்குறியை மாற்றுவது. பிறகு வாசல் கதவுக்கு மட்டும் தாமதம் கொடுங்கள்: உள்ளே வர 30 விநாடி, வெளியேற 45 முதல் 60 விநாடி. மற்ற கதவுகள் உடனே ஒலிக்க வேண்டும். இரவில் எல்லாரும் வீட்டுக்குள் இருக்கும்போது, அசைவு சென்சாரை விலக்கிக் கதவுகளை மட்டும் காக்கும் 'ஸ்டே' முறையைப் பயன்படுத்துங்கள்.

சோதனையின்போது ஒவ்வொரு கதவையும் திறந்து, பேனலில் சரியான பெயர் வருகிறதா பாருங்கள். பிஐஆர் பேட்டரி போட்டதும் ஓரிரு நிமிடம் நிலைப்பட விடுங்கள். பேட்டரியில் ஓடும் பல பிஐஆர்கள் ஒருமுறை அசைவைக் கண்டதும், மின்சாரம் சேமிக்கச் சில நிமிடம் உறங்கிவிடும். இது தெரியாமல் 'வேலை செய்யவில்லை' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. சோதனைப் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லையென்றால் அறையை ஐந்து நிமிடம் காலியாக விட்டு மீண்டும் நடந்து பாருங்கள்.

மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்து, பிஐஆர் லென்ஸை உலர்ந்த துணியால் துடையுங்கள். அதன்மேல் ஊரும் சிலந்தியே அலாரத்தைக் கிளப்பிவிடும். சென்சார் பேட்டரியை மாற்றும்போது மட்டும், மூடியைத் திறக்கும் முன் பேனலை அணைத்து வையுங்கள். மூடி திறந்தாலே சைரன் ஒலிக்கும்படி பல மாடல்களில் உள்ளே ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது.